கடைசி மேசைக்குப் போகிற வழி

முத்தரசன்துறையில் சூசையப்பர் மண்டபம் எவ்வளவு நீளம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஐஸ் கம்பெனி தொம்மைராசு தன் மகள் பிரகாசிக்குக் கல்யாணம் வைத்த வருஷத்துக்கு முன்னால் அது எல்லா ஊரிலும் இருக்கிற மண்டபம் மாதிரி, ஒரு முனையில் மேடையும் மறுமுனையில் கைகழுவும் குழாய்களுமாக, மேடையில் ஒருவர் தும்மினால் குழாயடியில் நிற்பவர் திரும்பிப் பார்க்கிற அளவில்தான் இருந்தது.

மாப்பிள்ளை ரெமிஜியுஸ் மெட்ராஸ்காரன், கப்பல் கம்பெனியில் வேலை, அதிகம் பேசாதவன். பேச வேண்டியதை எல்லாம் அவனுடைய அம்மா கிளாரிந்தா பேசினார். பூசை முடிந்ததும் நடக்கிற வரவேற்பில் பந்தி வேண்டாம், வட்ட மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு மேசையிலும் யார் யார் உட்கார வேண்டும் என்று பேர் எழுதிய அட்டை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, பெண்ணின் அம்மா எவுஜீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க ஊருல வாரவங்க எங்க எடம் கெடக்கோ அங்க உக்காந்துக்கிடுவாங்க மைனி," என்றாள் எவுஜீன்.

"அப்படி விட்டா கூட்டம் மாதிரி இருக்கும் மைனி, கல்யாணம் மாதிரி இருக்காது. நாம சொல்லி உக்கார வச்சாத்தான் அவங்களுக்கும் ஒரு மரியாதை," என்றார் கிளாரிந்தா, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், அன்பாகத்தான்.

இன்னார் இங்கே உட்காரலாம் என்று எழுதும்போதே இன்னார் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்பதும் சேர்ந்து வந்துவிடும் என்பதை அன்றைக்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மேசை போடுகிற பொறுப்பு எவுஜீனின் தங்கை லெயோனியிடம் வந்தது. லெயோனி பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராது அவளுக்கு, அதனால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள், மீதிப் பேருக்குத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

முதல் மேசையிலேயே சிக்கல் வந்தது, ஏனென்றால் அது சவரிராசின் மேசை. சவரி, தொம்மைக்கு அண்ணன். இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தும் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. எதனால் பேச்சு நின்றது என்று தெரிந்த பெரியவர்கள் செத்துப்போய், தெரியாத பிள்ளைகள் வளர்ந்து, ஒரு வீட்டுக்குப் பச்சை வண்ணமும் ஒரு வீட்டுக்கு நீல வண்ணமும் அடித்திருப்பதைப் போல அதுவும் தெருவின் ஒரு அம்சம் என்று ஊர் எடுத்துக்கொண்டிருந்தது. பிரகாசி மட்டும் சின்ன வயதிலிருந்து தெருவைக் குறுக்கே கடந்து பெரியப்பா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவள். பிள்ளையில்லாத பெரியப்பாவும் இப்போது இல்லாத பெரியம்மாவும் அவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தவர்கள். பெரியப்பா வராத கல்யாணத்தில் நான் மேடை ஏற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். தொம்மை சாப்பிடாமல் கொள்ளாமல் சில நாள் ஐஸ் கம்பெனியிலேயே கிடந்துவிட்டு வந்து, "வரட்டும். ஆனா நான் மேடையில நிக்கையில அவன் மூஞ்சி என் கண்ணுல படப்புடாது," என்றார்.

அதற்காகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் லெயோனி அத்தானை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாடகைக் கடை கோயில்பிச்சை மாதிரிக்குக் கொஞ்சம் மேசைகளை இறக்கியிருந்தார். தொம்மை மேடையில் ஏறி நின்றார். லெயோனி ஒரு மேசையைக் குழாயடிப் பக்கம் போட்டு, கோயில்பிச்சையை அதில் உட்காரச் சொன்னாள்.

"தெரியுது," என்றார் தொம்மை. "மூக்கு முழி எல்லாம் தெரியுது."

லெயோனி மேசையை இன்னும் தள்ளினாள்.

"இப்பவும் தெரியுது."

"சுவரு வந்துட்டே அத்தான்."

"அப்ப சுவரத் தள்ளு," என்றார் தொம்மை கோபத்தில்.

முடியாது என்று சொல்ல வராத லெயோனி மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் யாராவது வந்தால் நகர்ந்து இடம் விடுவாரே, அப்படி அந்தச் சுவர் சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டது. குழாய்களும் சுவரோடு போயின. விட்ட இடத்தில் அதே சிவப்புத் தரை இருந்தது, மேலே ஒரு மின்விசிறியும் பக்கவாட்டில் ஒரு ஜன்னலும் கூடுதலாக இருந்தன. மேசையில் உட்கார்ந்திருந்த கோயில்பிச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னாலேயே போய் மறுபடியும் உட்கார்ந்தார்.

"இப்ப?" என்று கேட்டாள் லெயோனி.

"கொஞ்சம் தேவல. இன்னும் தள்ளு."

அவள் தள்ளத் தள்ளச் சுவர் போய்க்கொண்டே இருந்தது. கோயில்பிச்சை ஒரு வெள்ளைச் சட்டையாகி, அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஆனபோது தொம்மை, "இப்ப சரி," என்று மேடையிலிருந்து இறங்கி டீ குடிக்கப் போனார். லெயோனி திரும்பி நடந்து வந்து சேர்வதற்குள் அவள் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூ வாடியிருந்தது. வெளியே வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பின்சுவர் எப்போதும் போல உப்புக் கிடங்குச் சந்தோரமாகவே நின்றது. ஒரு ஆடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெளியே அதே அளவு, உள்ளேதான் நீளம் என்று தெரிந்ததும் அவளுக்குக் குழப்பமாக இருந்தாலும், சந்தில் வண்டி போகிற வழி அடைபடவில்லையே என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

சுவர் நகர்ந்த செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. சுவர் ஏன் நகர்ந்தது என்று கேட்டவர்களைவிட, இன்னும் நகருமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். மறுநாள் பூசை முடிந்ததும் லெயோனியின் வீட்டு வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. பாடற்குழுவில் முதல் குரல் பாடுகிறவள் வந்து, இரண்டாம் குரல் பாடுகிறவள் உட்காரும் மேசையிலிருந்து தன்னைத் தள்ளிப் போடச் சொன்னாள். இரண்டாம் குரல் வந்து அதையே சொல்லிவிட்டு, தள்ளிப் போடச் சொன்னது தான் என்று மற்றவளுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். தெருக்குழாயில் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரிகள், ஒரே படகில் போய்வந்து இப்போது வேறு வேறு படகில் போகிறவர்கள், சம்பந்தம் பேசி முறிந்துபோன வீட்டார், எல்லோரும் வந்தார்கள். மெட்ராஸிலிருந்து கிளாரிந்தாவும் போன் செய்தார். "உங்க மண்டபத்துல நல்ல வசதின்னு கேள்விப்பட்டேன்," என்று ஆரம்பித்து, தன் வீட்டுக்காரரின் அக்கா தன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், ஆனால் கௌரவமான இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிரகாசியும் ஒருநாள் வந்து, பெரியப்பா மேடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். லெயோனி எல்லோருக்கும் சரி என்றாள். ஒவ்வொரு சரிக்கும் மேசைகள் விலகின, மேசைகள் விலக விலகச் சுவர் போனது, சவரியின் மேசை எப்போதும் சுவரை ஒட்டிய மேசையாகவே இருந்ததால் அதுவும் சுவரோடு போய்க்கொண்டே இருந்தது.

கல்யாணம் நெருங்க நெருங்க ஊர் அந்த நீளத்துக்குப் பழகிக்கொண்டது. மேசைக்குத் துணி விரிக்கப் போன பெண்கள் சோறு கட்டிக்கொண்டு போனார்கள், வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பினார்கள். நடுவில் ஒரு இடத்தில் காற்று எப்போதும் கடல் பக்கமிருந்து வீசுவதாகவும், இன்னொரு இடத்தில் தூறல் விழுந்து துணியெல்லாம் ஈரமாகிவிட்டதாகவும் சொன்னார்கள். ஆட்டோக்காரர்கள் மேடையடியிலிருந்து ஷேர் ஆட்டோ விட்டார்கள். பாதி வழியில், பாதி என்று அவர்கள் நினைத்த இடத்தில், மொடுதகத்தம்மாள் என்ற விதவை ஒரு அடுப்பை வைத்து டீயும் பருப்பு வடையும் போட்டாள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வெளியே அளந்து பார்த்து, எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்றார். உள்ளே அளந்தபோது அவருடைய நாடா முடிந்துபோனதால் அதையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பங்குசாமியைக் கூட்டிவந்து மந்திரிக்கச் சொன்னார்கள். அவர் தன் கை எட்டுகிற தூரம்வரை தீர்த்தம் தெளித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கெட்டதுன்னு சொல்ல முடியல. நல்லதுன்னும் சொல்ல வரல," என்றார். "திருவிழாவுக்கு மண்டபம் பத்தலன்னு நீங்கதான வருஷா வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

குழப்பம் என்னவோ தினமும் கூடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே போனவர்களுக்கு மேடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லா மேசையும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்ததால், அட்டையில் உள்ள பேர்களைப் படித்துத்தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அந்தப் பேர்களோ அவர்களே விலக்கி வைக்கச் சொன்ன ஆட்களின் பேர்களாக இருந்தன. விளக்கு மாட்டப் போன ஒருவர் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ போய்விட்டு வந்ததாகவும், அங்கே பாயசம் நன்றாக இருந்ததாகவும் சொன்னார். அவர் சொன்னதை நம்பவும் முடியவில்லை, அவர் சட்டையில் பாயசம் சிந்தியிருந்ததால் நம்பாமலும் இருக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பிரகாசி சித்தியிடம் வந்து, "பெரியப்பா எடத்தப் பாக்கணும்," என்றாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள். தெரிந்த பேர்களைத் தாண்டி, மொடுதகத்தம்மாளின் டீக்கடையைத் தாண்டி, தூறலைத் தாண்டிப் போனார்கள். எதிரே வெள்ளை மேசைகள் வந்துகொண்டே இருந்தன, சுவர் வரவில்லை. பிரகாசி சைக்கிளை நிறுத்தி, கால் ஊன்றி நின்றாள்.

"சித்தி, இவ்வளவு தூரத்துல உக்கார வைக்கிறதுக்கு அவருக்குப் பத்திரிகையே வச்சிருக்க வேண்டாம்."

"நான் என்னட்டி செய்ய? அத்தான் சொன்னாரு. சரின்னேன். பெறவு எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாருக்கும் சரின்னு சொன்னீங்களே, நான் பெரியப்பா பக்கத்துல வேணும்னு சொன்னேனா இல்லையா? எனக்கும் சரின்னுதான சொன்னீங்க?"

அவள் அழுதாள். திரும்பி வந்ததும் லெயோனி கோயில்பிச்சையின் ஆட்களை வைத்து மேசைகளை ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் இழுத்துப் போட்டாள். மேசைகள் வந்தன, சுவர் வரவில்லை. போதாததற்கு, முதல் குரல்காரி எட்டிப் பார்த்து, "டீச்சர், இவ மேசை இங்க வந்துட்டே," என்று கூச்சல் போட, எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் சுவர் இன்னும் கொஞ்சம் விலகுகிற சத்தம், கடல் உள்வாங்குகிற மாதிரி, கேட்டது. இழுத்த மேசைகளை ஆட்கள் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

மறுநாள் கோயிலில் பூசை நல்லபடியாக நடந்தது. கோயில் அதே அளவில்தான் இருந்தது. அங்கே சவரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தொம்மை திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்து மண்டப வாசலில் ஆட்களைப் பேர் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்த லெயோனியிடம் சவரி வந்து நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு.

"என் எடம் எங்கம்மா?" என்று கேட்டார்.

லெயோனி கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். சவரி அந்தக் கை காட்டிய பக்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆட்டோ இருக்கு பெரியத்தான்," என்றாள் அவள் மெதுவாக.

"வேண்டாம். கல்யாண வீட்டுல என்ன அவசரம்? நடந்து போறேன்."

அவர் நடந்தார். மேசை மேசையாக, தெரிந்தவர்களிடம் தலையசைத்து, தெரியாதவர்களிடம் நலம் விசாரித்து, குழந்தைகளின் கன்னத்தைத் தட்டி, எல்லா மேசையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். அவரவர் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர் போவதைப் பார்த்தார்கள். இவர் எங்கேதான் போகிறார் என்று சிலர் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

வரவேற்பு தொடங்கியது. மேடையில் பேசியது நடு மேசைகளுக்குப் போய்ச் சேரத் தாமதமானது. கேக் வெட்டி முடித்து, மாப்பிள்ளையும் பெண்ணும் கை துடைத்துக்கொண்ட பிறகு கைதட்டல் ஒன்று தூரத்திலிருந்து மெல்ல வந்து சேர்ந்தது, யாருக்கு என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். முன் மேசைகளில் பிரியாணி முடிந்து ஐஸ்கிரீம் வந்தபோது, பின்னால் இன்னும் தண்ணீர் பாட்டில்தான் வந்திருந்தது. தங்களுக்குப் பிடிக்காதவர்களைக் கண்ணிலிருந்து அகற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும்போது அடிக்கடி தலையை நிமிர்த்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததையும், அவர்கள் என்ன செய்கிறார்களோ என்று தெரியாமல் ஒருவித அமைதியின்மையோடு எழுந்து போனதையும் பரிமாறியவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

முத்தரசன்துறையில் பெண்ணின் தகப்பன் ஒவ்வொரு பந்தியிலும் நேரில் போய் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் சாப்பிட்டது சாப்பாடு இல்லை. தொம்மை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முன் மேசைகளை நடந்தே முடித்தார். அப்புறம் ஆட்டோவில் ஏறி, மேசைக்கு மேசை இறங்கிக் கேட்டார். தூறல் விழுகிற இடம் தாண்டியதும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல எனக்கு வழி தெரியாது அண்ணாச்சி. திரும்பிருவமா?"

திரும்பிவிடலாம் என்றுதான் தொம்மை நினைத்தார். அங்கே இருந்த மேசையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளாரிந்தாவின் நாத்தனார், கௌரவமான இடத்தில் வைக்கப்பட்டவர், தொம்மையைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அங்க ஒரு பெரியவர் தனியா உக்காந்திருக்கிறதாச் சொல்றாங்க. அவருக்குச் சாப்பாடே போகலையாம். பரிமாறுறவங்க இதோட திரும்பிப் போயிடறாங்க. யார் வீட்டு ஆளு அவர்?"

தொம்மை வேட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"எங்க வீட்டு ஆளுதான்," என்றார்.

அந்த மேசையிலிருந்தே ஒரு தட்டில் பிரியாணி வாங்கி, இன்னொரு தட்டால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் மேசைகள் தீர்ந்துபோயின. வெறும் சிவப்புத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல்கள், மேலே ஓடிக்கொண்டிருக்கிற விசிறிகள். பாட்டுச் சத்தம் நின்று, தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் நடந்தார் என்று அவருக்குத் தெரியாது. எதற்காக நடக்கிறோம், கோபித்துக்கொள்ளவா, சோறு போடவா என்பதும் வழியில் பலமுறை மாறிப்போனது. தட்டு ஆறிவிட்டது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தபோது முதலில் அதைத் தன் அப்பா என்று நினைத்துவிட்டார், ஏனென்றால் அப்பாதான் நாற்காலியில் இப்படி ஒரு பக்கம் சாய்ந்து, முழங்காலில் கையை வைத்து உட்காருவார்.

சவரி மேசையில் நேராக வைத்த பேர் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தொம்மை தட்டை வைத்து, மூடியை எடுத்தார்.

"சாப்பிட்டியளா?" என்றார், எல்லா மேசையிலும் கேட்ட அதே குரலில்.

"இல்ல," என்றார் சவரி. "கொண்டாந்துட்டியே. சாப்பிடுதேன்."

ஆறிப்போன பிரியாணியை அவர் நிதானமாகப் பிசைந்து பாதி சாப்பிட்டார். மீதிப் பாதியைத் தட்டோடு தம்பி பக்கம் தள்ளினார். தொம்மை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. யோசிக்காமல் கையை வைத்துவிட்டார், வைத்த பிறகு எடுக்க முடியவில்லை.

"ஏ தொம்மை," என்றார் சவரி, தம்பி சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து. "நீ எதுக்கு என்கிட்ட பேசல?"

"ஒனக்குத் தெரியாதாக்கும். கம்பெனி தொறந்த அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள கால் வைக்காம திரும்பிப் போனியே. பங்குசாமி, ஊரு, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கையில."

சவரி திகைத்துப் பார்த்தார். "அதுக்கா?"

"அதுக்குத்தான். நீ வேற எதுக்குன்னு நெனச்ச?"

"நான் அம்ம செத்ததுக்குன்னு நெனச்சேன். நான் கடலுக்குள்ள கெடந்தேன். வந்து சேருததுக்குள்ள பெட்டிய மூடிட்டீங்க. அதுல நான் கோவமா இருக்கேன்னு ஒனக்குத் தெரியும், அதனாலதான் நீ பேசலன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துலதான் ஒன் கம்பெனிக்குள்ளயும் வரல."

"எனக்கு அது தெரியாது."

"தெரியாதா?"

"நீ கோவமா இருக்கன்னே தெரியாது. நான்தான் கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமும் ஒரு சண்டை என்று நினைத்தது இரண்டு சண்டையாக இருந்திருக்கிறது, ஒருவர் போட்ட சண்டைக்குள் மற்றவர் இருந்ததே இல்லை. யார் யாரை மன்னிப்பது, எதிலிருந்து தொடங்குவது என்று தொம்மைக்குப் புரியவில்லை. கடைசியில், "அன்னைக்கு மழ வந்துச்சு," என்றார். "மூடிருவோம்னு சொன்னது நான்தான். பங்குசாமியில்ல. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

சவரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"இத இங்க போட்டுட்டுப் போனா கோயில்பிச்சை தேடி வரமாட்டான். தூக்கு."

மேசையைத் தூக்கினால் ஒருவர் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். தொம்மை பின்பக்கமாக நடந்தார். அவருக்கு முன்னால் மேசையும், மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகமும், அந்த முகத்துக்குப் பின்னால் ஆளில்லாத மண்டபமும் மட்டும் தெரிந்தன. "எடது பக்கம் வா," என்றார் சவரி. "நிமிரு. இங்க ஈரம், பாத்து." தொம்மை அவர் சொன்னபடி வந்தார். இடையில் இறக்கி வைத்து, கை மாற்றி, மறுபடியும் தூக்கினார்கள். பேசினார்கள், பேச்சு பாதியில் சண்டையாகி, மேசை கையில் இருந்ததால் போய்விட முடியாமல், மறுபடியும் பேச்சாகியது. மொடுதகத்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தாள். மற்ற மேசைகளில் துணி கூட இல்லை.

வெளியே அதே நாள் சாயங்காலம்தான் ஆகியிருந்தது, அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் பல நாள் தாடி. வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் பூ ஜோடனையோடு நின்றது. அப்பா வராமல் காரில் ஏற மாட்டேன் என்று பிரகாசி கல்யாணச் சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாத ரெமிஜியுஸும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நல்ல நேரத்தில் கிளம்ப வேண்டுமே என்று கிளாரிந்தா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், எவுஜீன் அவருக்கு மோர் கொடுப்பதுமாக இருந்தார்கள். மேசை வாசல்படியைத் தாண்டி முதலில் தொம்மையின் முதுகாகவும், அப்புறம் சவரியின் முகமாகவும் வெளியே வந்தபோது லெயோனி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிரகாசி எழுந்து வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, சமாதானம் ஆயிட்டீங்களா?"

தொம்மை மேசையைப் பிடித்தபடியே யோசித்தார். "தெரியலம்மா," என்றார்.

"எனக்கும் தெரியல," என்றார் சவரி. "கை வலிக்கு. மொதல்ல கீழ வைப்போம்."

வைத்தார்கள். இரண்டு பேரும் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார்கள், யார் முதலில் என்பதில் கொஞ்சம் தடுமாறி, இரண்டு கையும் ஒரே நேரத்தில் போய் இடித்துக்கொண்டன. பிரகாசி காரில் ஏறினாள். சவரி கார் ஜன்னலில் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கார் கிளம்பித் தெருவைத் திரும்பியது.

"என்ன சொன்ன அவகிட்ட?" என்று கேட்டார் தொம்மை.

"ஒனக்கு எதுக்கு?" என்றார் சவரி.

எவுஜீன் கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். தொம்மை அண்ணனைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, குனிந்து, மேசையின் தன் பக்கத்தைப் பிடித்தார்.

"சரி, சொல்லாத. தூக்கு. கடையில கொண்டு போட்டுட்டு வந்துருவோம்."

இந்தத் தடவை சவரி பின்பக்கமாக நடந்தார். வாடகைக் கடைக்குப் போகிற தெரு குண்டும் குழியுமானது, சவரிக்குப் புதுச் செருப்பு வேறு கடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, பள்ளம் இருந்தாச் சொல்லு," என்றார் சவரி.

"சொல்லுதேன்," என்றார் தொம்மை. "நீ வா."